செங்குளம் போட்ட கையெழுத்து

ஆகஸ்ட் 4

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் நின்றபடியே பாடப் புத்தகத்தில் பதினொரு பக்கம் படித்தேன். இயற்கை இருப்பது மனிதனுக்காகவா, தனக்காகவா? நாற்பத்திரண்டு வயதில், ஊராட்சிச் செயலர் வேலையோடு, தபாலில் எம்.ஏ. தத்துவம். "வீட்டு வரி ரசீது போடுததுக்கு இது எதுக்கு?" என்கிறார் என் வீட்டுக்காரர் சங்கரசுப்பு. எதுக்கும் இல்லை. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8

காற்றாலைக் கம்பெனி அதிகாரி பிரின்ஸ் வந்தார். லாரி போகப் பாதை வேண்டுமாம். அதற்குச் செங்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையை மண் போட்டு மூட வேண்டுமாம். பதிலுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். "இதுவும் இயற்கையைக் காப்பாத்துற வேலைதான் மேடம். கரி எரிக்காத கரண்ட்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

தலைவர் சண்முகையா அண்ணாச்சிக்குச் சுவரில் ஆசை. "ரெண்டு வருசமா ஓடையில தண்ணியே இல்ல. பதினஞ்சாம் தேதி கிராம சபையில வச்சிருவோம். தீர்மானத்த எழுதி வை தேன்மொழி."

ஓடை போனால் குளம் போச்சு. குளம் போனால் கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் முத்துத்தாய் அக்காவின் பிழைப்பு போச்சு. சொன்னதை எழுதுவதுதான் செயலர் வேலை. நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 13

இரண்டு தீர்மானம் எழுதிவிட்டேன். ஒன்று தலைவர் கேட்டது. மற்றது என் கைத்தினவு: 'செங்குளத்துக்குத் தன்னளவில் உரிமை உண்டு, அதன் ஓடையை மூடலாகாது.' வீட்டில் வாசித்துக் காட்டினேன். சங்கரசுப்பு தோசையைத் திருப்பிக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊருக்குப் புரியாதே" என்றார். புரியாவிட்டால் அது ஊரின் குறை என்றேன். ரொம்பப் பெரிய மனுஷிதான் நான்.

ஆகஸ்ட் 15

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, வேப்ப மரத்தடியில் கூட்டம். தலைவரின் தீர்மானத்தை வாசித்தேன், தலைகள் ஆடின. பிறகு என்னுடையது. 'தன்னளவில்' என்றதும் ஊரே முழித்தது. "குளத்துக்கு உரிமைன்னா, ஆதார் கார்டு இருக்கா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஒரே சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். உள்ளே அழுகை முட்டியது — எதுக்குட்டி ஒனக்கு இந்தப் படிப்பு?

அப்போதுதான் முத்துத்தாய் அக்கா எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன். அறுப்பு முடிஞ்சதும் குளத்துக்குன்னு ஒரு மரக்கால் நெல்லு அளந்து வைக்கோமா இல்லியா?"

"வைக்கோம். மடைப் பொங்கலுக்கு."

"ஒங்க களத்துல மொதல்ல யாருக்கு அளக்குதிய?"

"குளத்துக்குத்தான்."

"அப்போ பங்கு வாங்குத ஆளு பங்காளிதான? பங்காளி கையெழுத்து இல்லாம பொதுச் சொத்த எப்படி எழுதிக் குடுக்க? ஒங்களுக்குத் தெரியாததா."

சித்தப்பா மகனின் ஒரே ஒரு கையெழுத்துக்காக ஆறு வருடம் கோர்ட்டுக்கு நடந்தவர் தலைவர். துண்டால் முகத்தைத் துடைத்தார். கூட்டத்துக்கு வந்திருந்த பிரின்ஸைப் பார்த்து, "ஓடைக்கு மேல பாலம் கட்டிப் போனா கம்பெனிக்கு என்ன கேடு?" என்றார்.

ஓடையை மூடக் கூடாது, பாலம் கட்டினால்தான் பாதை என்று தீர்மானமாயிற்று. நான் இருநூறு பக்கம் தேடியதை அக்கா ஒரு மரக்காலில் அளந்துவிட்டாள். பொறாமையாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகு, அக்கா ஓடை மண்ணை அள்ளி வந்து, குடிதண்ணீர் விட்டுக் குழைத்து, பதிவேட்டின் கடைசி வரியில் அப்பினாள். "பங்காளி போட வேண்டாமா?" நான் வரிசை எண்ணும் எழுதினேன்: 94.

ஆகஸ்ட் 22

பதிவேடு போயிருந்த ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன்.

"94 யாரும்மா? ஒரே மண்ணா இருக்கு."

"ஊருக்குப் பங்காளி சார்."

"அந்த வரிய அடிச்சிரட்டுமா?"

"வேண்டாம் சார். பங்காளி கோவிச்சுக்கிடுவான்."

அடிக்கவில்லை. இன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அக்டோபர் 9

குழாய்ப் பாலம் வேலை நடக்கிறது. பாலச் செலவைக் காட்டிக் கம்பெனி சுற்றுச்சுவரைப் பாதியாகக் குறைத்துவிட்டது. கையெழுத்து வாங்கும்போதுகூடத் தலைவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தண்ணி வராத ஓடைக்குப் பாலம், பிள்ளைகளுக்கு அரைச் சுவர், எல்லாம் செயலரம்மா படிச்ச படிப்பு என்று டீக்கடையில் சொன்னாராம். வலித்தது. அரைச் சுவரைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 3

பாலம் முடிந்தது. மழை இல்லை.

நவம்பர் 11

தூறல். பஸ்ஸில் சீட்டு நனைந்தது, ஓடை நனையவில்லை. சங்கரசுப்பு கேலி செய்யவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 18

இரண்டு நாளாக நல்ல மழை. காலை ஐந்தரைக்குப் போன் அடித்தது. தலைவர். மூன்று மாதத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிடுகிறார். என்ன தப்பு செய்தேனோ என்று எடுத்தேன். பின்னால் ஒரே தண்ணீர் இரைச்சல். அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தேன்மொழி, மொத பஸ்ஸப் பிடிச்சு வா. பங்காளி வந்துட்டான்."