ஹுமைரா ஓதின கேசட்

தம்மாம், 12.3.1994

அன்பு உம்மாவுக்கு ஹலீமாவின் சலாம். முட்டிவலி தேவலையா? என் பிள்ளை ஹுமைரா ராத்திரி அழாம தூங்குறாளா? நான் சுகம்.

நியுமோனியா, ஹெமரேஜ்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில நர்ஸா எட்டு வருஷம் சொன்ன பேருங்கதான். இங்க ஆஸ்பத்திரியில நான் சொன்னா உச்சரிப்பு விளங்கலையாம். எல்லார் முன்னாலயும் மூணு தரம் சொல்ல வைக்கிறாங்க. இங்கிலீஷ் பேச்சு டெஸ்டுல ரெண்டு தடவை தேறலை. இப்ப துணி மடிக்கிற ரூம்ல போட்டிருக்காங்க. லேசான வேலைதான், கவலைப்படாதீங்க.

ஒரு தப்பு பண்ணிட்டேன். நான் சொல்றதை நானே கேட்டுத் திருத்திக்கலாம்னு டேப்புல பதிஞ்சேன். அவசரத்துல நீங்க அனுப்பின கேசட்டையே போட்டுட்டேன். பிள்ளை முதமுதலா குர்ஆன்ல அல்ஹம்து சூரா ஓதினாளே, அது அழிஞ்சிடுச்சு. கடைசியில "சரியா ஓதினேனா உம்மா?"ன்னு கேட்டது மட்டும் மிச்சம். இப்ப போட்டா, நான் நோய் பேரெல்லாம் சொல்லி முடிக்கிறேன், உடனே அவ அப்படிக் கேக்குறா.

மறுபடி ஓத வச்சு, லீவு முடிஞ்சு இங்க திரும்பி வர்ற சலாஹுதீன் மாமாகிட்ட குடுத்து விடுங்க. அழிஞ்சதைச் சொல்லாதீங்க. நீ சரியா ஓதினேன்னு உன் உம்மா எழுதியிருக்கான்னு மட்டும் அவகிட்ட சொல்லுங்க.

டூட்டிக்கு நேரமாச்சு.

ஹலீமா