வலது சீட்டிலிருந்து

பொழிச்சலூர்,
17.8.2008

பிரசன்னாவுக்கு,

ஜெயப்ரியா எழுதிக்கொள்வது. ‘அன்புள்ள’ என்று போடப் பார்த்தேன், கை வரவில்லை. நீ டெல்லியில் சுகமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு எந்த ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொள்ளும்.

உன் மெயில் கிடைத்தது. பதிலை மெயிலில் போட்டால் படிக்காமலே அழித்துவிடுவாய். அதனால்தான் தபால்.

நம் இரண்டு விமானக் கம்பெனிகளும் ஒன்றானபோது என்னைவிட அதிகம் பதறியவன் நீயாகத்தான் இருக்க வேண்டும். வியாழக்கிழமை ஹைதராபாத்தில், அந்தப் போலி விமானியறைக்குள், நீ கேப்டன் ஆவதற்கான சிமுலேட்டர் சோதனை. இடது சீட்டில் நீ, வலது சீட்டில் துணை விமானியாக நான். ஆளை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாயாம், நடக்கவில்லையாம். கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறாய். ‘நான் எங்கேயாவது கோட்டை விட்டால் வாயால் சொல்லாதே ஜெயா. முழங்காலில் விரலால் தட்டு போதும், நான் திருத்திக்கொள்வேன். பின்னால் இருக்கும் பரிசோதகருக்குத் தெரிய வேண்டாம். பழசை மனதில் வைத்துக்கொள்ளாதே’ என்று எழுதியிருக்கிறாய். அடேங்கப்பா, என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

பழசு என்னவென்று உனக்கு மறந்திருக்கும். நானே சொல்கிறேன், கேள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு மாடியறையில், விமானியறைப் படத்தைச் சுவரளவுக்கு அச்சடித்து ஒட்டி, எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாம் ஓட்டிப் பழகினோம். அம்மா பொரித்த வஞ்சிரத்தைத் தட்டுத் தட்டாகத் தின்றவன் நீ. ஒருவர் கருவிகளைப் பார்த்து ஓட்ட வேண்டும். அடுத்தவர் அதே கருவிகளைக் கவனித்து, தப்பு நடந்த நொடியே உரக்கச் சொல்ல வேண்டும். வேகம் குறைந்தால் ‘ஸ்பீட்’, கட்டுமீறி இறங்கினால் ‘சிங்க் ரேட்’. அந்தக் காகிதத்தின் முன்னால் நீ எப்படிக் கத்துவாய்! தலைக்கு மேல் நிஜ விமானம் இறங்கும் இரைச்சலிலும் உன் குரல்தான் தெருவுக்குக் கேட்கும்.

வேலைக்கான சோதனை நாளன்று நான் ஓட்டினேன், நீ பக்கத்தில். சிமுலேட்டர் கண்ணாடிக்கு வெளியே வெறும் மேகம். ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். திசை விலகாமல் பிடிப்பதிலேயே என் கண் இருந்தது, விமானம் கீழே கீழே போனதைப் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். இல்லையென்று சொல்லாதே. தரை வருவதற்கு முன்பே இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டாய். மோதப்போகிறது என்று தெரிந்தவன்தான் காலை இழுப்பான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பரிசோதகர் கேட்டதற்கு, “சொன்னேன் சார், அவங்க காதுல வாங்கல” என்றாய். வேலைக்கு இருந்தது ஒரே இடம். அது உனக்குப் போயிற்று.

நான் சிறுசேரியில் ஒரு வருடம், பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏர்போர்ட்டில் வேலை பார்த்த அப்பா, “என் பொண்ணு பிளேன் ஓட்டப்போறா” என்று தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம்கூடப் போகவில்லை. அந்தக் கார்த்திகையிலேயே போய்விட்டார். இன்னொரு கம்பெனியில் தேறி நான் யூனிஃபார்ம் போட்டபோது பார்க்க அவர் இல்லை. இதற்கு நான் உன்னை மன்னிக்க மாட்டேன். நான் சாகும்வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

உன் மெயிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “நீயும் வாயப் பொத்திக்கினு குந்துடி. தானா வுழுந்து வாரட்டும் அந்தப் பேமானி” என்றாள். எனக்கும் முதலில் அந்த ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் நான் பேசாமல் இருந்தால் நீ தப்பித்துவிடுவாய். பரிசோதகர் ஒரு விநாடி குனிந்தால் போதும், அடுத்த மாதம் நிஜ ஜனங்களை ஏற்றிக்கொண்டு நிஜ மேகத்துக்குள் போவாய். அதைச் சொன்னதும் அம்மா, “அப்போ நல்லா கத்து, அவங் காது கிழியணும்” என்றாள்.

உன்னோடு பறந்த இரண்டு பேரிடம் பேசினேன். ஒற்றை இன்ஜினில் உனக்கு வேகம் கையில் நிற்பதில்லையாம், அவர்கள்தான் முழங்காலில் தட்டித் தட்டி உன்னைக் கரை சேர்த்தார்களாம். நான் தட்ட மாட்டேன். ஒவ்வொன்றையும் சொல்வேன், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தையில், அதே நொடியில், பின் சீட்டுக்குக் கேட்கும்படி. ஒரே தப்பைப் பக்கத்துச் சீட்டு திரும்பத் திரும்பச் சொல்லும்படி விட்டவனுக்குக் கேப்டன் பதவி இல்லை என்பது உனக்கும் தெரியும். நான் இல்லாததைச் சொல்லவில்லை, கூட்டிச் சொல்லவில்லை, என் வேலையைத்தான் செய்தேன் என்று நீயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதுதான் எனக்கு இனிக்கிறது. மூன்று வருடம் காத்திருந்ததற்கு இது போதும்.

பிழையில்லாமல் ஓட்டி இறக்கிவிட்டாயானால் எனக்குப் பேச்சே இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கைகொடுப்பேன்.

உனக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன் மேல் எனக்கென்ன கோபம், நோய் நொடியில்லாமல் வளரட்டும். என்றைக்காவது அது விமானத்தில் ஏறும்போது, முன்னால் ஓட்டுகிறவன் பக்கத்தில் வாயைத் திறக்கிற ஒருத்தி உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கங்காதரன் மகள்
ஜெயப்ரியா