பாப்பாவின் உறுதிமொழி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா என்று கேட்கமாட்டேன். சிகிச்சை இல்லத்தில் முதல் மாதம் யாரும் நலமாக இருப்பதில்லை என்று உங்கள் டாக்டரே போனில் சொல்லிவிட்டார். உன் மகள் நலம். அதை முதலில் எழுதிவிட்டு, பிறகு திட்ட ஆரம்பிக்கிறேன்.

பிறந்த மூன்றாம் நாள் நீ பார்த்துவிட்டுப் போனபோது இருந்த நடுக்கம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. நீ விழுங்கிய வலி மாத்திரை, உன் வயிற்றில் இருக்கும்போதே அவளுக்கும் பழகிவிட்டதல்லவா, அதனால் ஆஸ்பத்திரியில் அதே வகை மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து வருகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாமாம். நர்ஸம்மா மூன்று மணிக்கொருமுறை வந்து அழுகை, தும்மல், கைநடுக்கம் எல்லாவற்றுக்கும் மார்க் போடுகிறார். நம் குடும்பத்தில் மார்க் குறைந்ததற்குச் சந்தோஷப்படுவது இதுதான் முதல் தடவை. இறுக்கிச் சுற்றினால்தான் தூங்குகிறாள். ஹோட்டல் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷம் போர்வை மடித்த கை என்னுடையது. நான் சுற்றினால் அவிழ்வதில்லை என்று நர்ஸம்மாவே என்னைக் கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்தார். கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து, இந்த அழுகையைக் கேட்டால் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்காக இதற்குமேல் மை செலவழிக்க விருப்பமில்லை.

இனி காப்பீட்டுத் திட்ட அலுவலகத்தின் பெருமை. உன் அட்டை பிள்ளைக்குப் பத்து நாள்தான் செல்லுமாம். அதற்குமேல் தனி ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் பதினோராம் நாள் மருந்தைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டாம் நாள் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். அங்கிருக்கும் அதிகாரி தலையைத் தூக்காமலே பேசும் வித்தையில் தேர்ந்தவர். டாக்டர் கடிதத்தில் போதை என்ற சொல்லைக் கண்டார். மீதியைப் படிக்கவில்லை. பாப்பாவைக் கொண்டுபோய்க் குடிநோயாளிகளின் கோப்பில் சேர்த்துவிட்டார். இனி இந்தப் பழக்கத்தை மனமாரக் கைவிடுகிறேன் என்று நோயாளி கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டுமாம். நோயாளிக்கு வயது எட்டு நாள் என்றேன். "எழுதத் தெரியலைன்னா ரேகை வச்சுக்கலாம்மா, அதுக்கு இடம் விட்டிருக்கு" என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி செய்யவும் கொஞ்சம் மூளை வேண்டுமே.

பாப்பா கையை விரிப்பதில்லை. அதனால் நர்ஸம்மா அவள் பாதத்தில் மை தடவி வைத்துக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் கொண்டுபோனேன். கால் ரேகை செல்லாது என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார். பத்தாம் நாள் காலை நானும் நர்ஸம்மாவும் அந்தச் சின்ன முஷ்டியைப் பிரித்துப் பெருவிரல் ரேகை எடுத்தோம். கொஞ்சம் இழுபட்டுவிட்டது. அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன் ஒப்புதல் கிடைத்தது. முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: நோயாளியின் ஒத்துழைப்பு திருப்திகரம். இப்படிப்பட்டவர்கள் கையில்தான் நம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

நீ இரண்டு தடவை பையைக் கட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தாய் என்று இல்லத்தில் சொன்னார்கள். எங்கே போவாய்? மாத்திரைக் கடைக்கா? அந்த அதிகாரியைத் திட்டுகிற அதே வாயால் உன்னையும் திட்டுகிறேன். என்னையும் சேர்த்துத்தான். உன் முதுகுவலிக்கு முதல் அட்டை மாத்திரையை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. அதை நான் மறக்கவில்லை.

உறுதிமொழியின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தானாகத் தொட்டே இராத பழக்கத்தை உன் மகள் கைவிட்டிருக்கிறாள். அவள் ரேகைக்குக் கீழே, தாய் என்று போட்டு ஒரு கோடு காலியாக இருக்கிறது பார். அதை நிரப்பச் சொல்ல அந்த மகானுபாவருக்குத் தோன்றவில்லை. நீ நிரப்பு. இன்றைக்கு வேண்டாம். சிகிச்சையின் கடைசி நாள் வரை இருந்து, அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு, நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. தபாலில் அனுப்பினால் வாங்கமாட்டேன்.

அவள் விரலில் இருந்த மையைத் துடைத்துவிட்டபோது என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. நீ வரும்வரை என் விரலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா