மூணு நாள் உலர்த்திய யூரோப்பியம்

மோசே, என் மச்சான்,

நீ ஈசிஆர் ரோட்டுல லாரியில அடிபட்டுப் போய் நாலு மாசம் ஆச்சு. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது, உனக்கே தெரியும். லேப்ல நீ எடுத்த அளவு சரி. என்னோடதுதான் தப்பு.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். சாதாரண வெப்பத்திலேயே திரவமா இருக்கிற உப்பு ஒண்ணு இருக்கு. அதுல யூரோப்பியம்ங்கிற உலோகத்தோட உப்பைக் கரைச்சுப் புறஊதா ஒளி அடிச்சா செக்கச்செவேல்னு ஒளிரும். விளக்கை அணைச்சாலும் அந்தச் சிவப்பு சில மில்லி விநாடி நிக்கும். துளி தண்ணி சேர்ந்தா அந்த நேரம் குறைஞ்சிடும். அந்த உப்போ காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நம்ம லேப் கடலோரம்.

நீ மூணு நாள் வெற்றிடத்துல சூடாக்கி உலர்த்துவ. அப்புறம் கண்ணாடிக் குழாயோட வாயைத் தீயில உருக்கி மூடுவ. எனக்கு ஒரு நாள் உலர்த்தல், ஒரு திருகு மூடி, அவ்வளவுதான்.

"இன்னாடா, கருவாடா காய வைக்கிற?"ன்னு கேட்டேன்.

"கருவாடு ஈரமா இருந்தா நாறும் மச்சான், கண்டுபுடிச்சிடலாம். இது நாறாது"ன்னு சிரிச்ச.

அந்தச் சிவப்பு நிக்கிற நேரம்னு நீ சொன்ன எண் எனக்கு வரல. மூணாவது தடவை பொறுமை போச்சு. குழுக் கூட்டத்துல, நம்ம வழிகாட்டி மேடம் முன்னாடி எழுந்து நின்னு, "இவன் அளக்கவே இல்ல, உக்காந்த இடத்துலயே எண்ணை எழுதியிருக்கான்"னேன். நீ சண்டை போடல. "இன்னொரு தடவ பண்ணிக் காட்றேன் மேடம்"னு மட்டும் சொன்ன. பண்ணி, குழாயை மூடியும் வெச்சுட்ட. அளக்கிற மெஷின்ல உன் முறை வர்றதுக்குள்ள போயிட்ட.

போன வாரம் உன் இழுப்பறையைக் காலி பண்ணச் சொன்னாங்க. அந்தக் குழாய் உள்ளே இருந்தது. அளந்தேன். நீ சொன்ன அதே எண். நம்பாம நானும் மூணு நாள் உலர்த்திப் பார்த்தேன். அதேதான்.

"இனிமே அதைக் கிளறி யாருக்கு என்ன? கதிர், உன் பேர்லயே கட்டுரையை அனுப்பு"ன்னாங்க மேடம். முடியாதுன்னேன். கட்டுரையில முதல் பேர் உன்னோடது.

ஞாயித்துக்கிழமை புதுப்பட்டினத்துல உங்க வீட்டுக்குப் போனேன். உங்கம்மா அப்பதான் சர்ச்சுல இருந்து வந்தாங்க. நீ லேப்ல பொய் எழுதி மாட்டிக்கிட்டன்னு உன் சாவுக்கு வந்த யாரோ அவங்க காதுல போட்டிருக்காங்க.

"அவன் பொய் எழுதலம்மா. நான்தான் அவசரப்பட்டுப் பழி போட்டேன்."

கையில இருந்த பைபிளைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாங்க. "போறதுக்கு முந்தின வாரம் பூரா புள்ள ஒழுங்கா சோறே துன்னல தம்பி. அது உன்னாலதானா?"

ஆமாம்மான்னேன்.

வர்ற திங்கக்கிழமை லேப்ல குழுக் கூட்டம். எல்லார் முன்னாடியும் சொல்றேன், நீங்களும் வந்து கேளுங்கன்னு கூப்பிட்டேன். எனக்கு இங்கிலீஷ் புரியாதேன்னாங்க. தமிழ்லயே சொல்றேன்னேன்.

"வரேன். என் புள்ளையச் சொன்னப்ப எவ்ளோ சத்தமா சொன்னியோ, அவ்ளோ சத்தமா சொல்லணும்."

சொல்றேன்டா. அவ்வளவு சத்தமா.

நீ கடைசிவரை மச்சான்னே கூப்பிட்ட,
கதிர்