வளைவில் ஒட்டிய காந்தம்

நவம்பர் 11, செவ்வாய்

மழை. பள்ளிக்கு விடுமுறை. பட்டறையில் அப்பாவுக்கு உதவி: கொக்கிகளைத் துடைத்துச் சாக்கில் கட்டுவது.

எல்லாம் அம்மா வேலை செய்யும் கம்பெனிக்கு. அங்கே கூடை நிறைய போல்ட்டை உலைக்குள் இறக்கி ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்குவார்கள். கூடையைத் தாங்குவது இந்தக் கொக்கிதான். அதுவும் உள்ளே போய்ச் சிவந்து வரும். அதனால் சூடு தாங்கும் எஸ்.எஸ். வேண்டும், அதாவது எவர்சில்வரில் த்ரீ டென் என்ற ரகம்.

மதியம் கம்பெனி ஆள் வந்தார். அப்பா ஸ்பீக்கர் காந்தத்தைக் கொக்கியின் நேரான கம்பியில் வைத்தார். நழுவி விழுந்தது.

"பாத்துக்குங்க சார், ஒட்டல. ஒரிஜினல் த்ரீ டென்."

"சரிபா, ஏத்து."

இவ்வளவுதான் சோதனை. எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்திலும்தான் காந்தம் ஒட்டாது. அதை உலையில் இறக்குவார்களா?

நவ. 12, புதன்

தூறல். வேதியியல் டெஸ்ட் சுமார். அம்மாவின் போனில் நான் தேடியது:

த்ரீ டென் - நூற்றில் குரோமியம் 25 பங்கு, நிக்கல் 20. ஆயிரம் டிகிரியிலும் மேல்தோல் உரியாது. உலைக்கு, பர்னருக்கு.

த்ரீ நாட் ஃபோர் - 18, 8. குடம், சிங்க், டிபன் பாக்ஸ். விலை மிகக் குறைவு. தொள்ளாயிரத்தைத் தாண்டினால் செதில் செதிலாக உரியும். பாரம் தொங்கினால் நீளும்.

இரண்டிலும் காந்தம் ஒட்டாது! ஆனால் சூடாக்காமல் வளைத்தால், த்ரீ நாட் ஃபோரின் வளைவு மட்டும் லேசாக இழுக்கும். த்ரீ டென் அங்கேயும் இழுக்காது.

அப்பா சூடாக்குவதில்லை. பிரஸ்ஸில் வைத்து அப்படியே வளைப்பார்.

அவர் டீ குடிக்கப் போனதும் காந்தத்தை நூலில் கட்டினேன். கொக்கியின் நேரான பகுதியில் சும்மா தொங்கியது. வளைவுக்குக் கொண்டுபோனேன். சாய்ந்தது. ஒட்டிக்கொண்டது.

அப்படியென்றால் இது த்ரீ நாட் ஃபோர்.

நவ. 13, வியாழன்

அப்பாவிடமே கேட்டுவிட்டேன். யாரோ அப்பாவை ஏமாற்றி விற்றிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மடச்சி.

"எனக்குத் தெரியும்டி. நீ இன்னா எனக்குப் பாடம் எடுக்கற? பொங்கல் வரிக்கும் தாங்கும். அப்பால மாத்திக்கலாம்."

"அம்மா அங்கதானப்பா வேல செய்யுது?"

"கிட்ட நிக்காதன்னு சொல்லிட்டேன். வெளிய வாயத் தொறந்த, காலை ஒடச்சிடுவேன்."

செய்வார். போன வருஷம் அம்மா கை.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஒனக்கும் தெரியுமாம்மா?"

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"அப்ப ஒலையிலேருந்து கூடை மேல வரும்போது கம்பியால தள்றது யாரு?"

"எழிலு."

எழில் அக்கா! பக்கத்துத் தெரு. பிளஸ் டூ முடித்துவிட்டுப் போன மாதம்தான் சேர்ந்தாள். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவள்.

"அவ சின்னப் பொண்ணு. இன்னானா ஆச்சின்னா சட்டுனு நவுந்துக்குவா."

என் அம்மா சொன்னாள் இதை. வெங்காயம் உரித்துக்கொண்டே. பிறகு "சாப்ட வாடி" என்றாள். போகவில்லை. பசிக்கிறது. போகமாட்டேன்.

நவ. 14, வெள்ளி

வெயில். குழந்தைகள் தினம், ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். வாயில் போடவே பிடிக்கவில்லை.

காலையில் கம்பெனி வேன் வருமுன் அது நிற்கும் இடத்துக்கு ஓடினேன். எழில் அக்கா தனியாக நின்றிருந்தாள். அம்மா தலைவலி என்று லீவு. எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"ஏய், சயின்ட்டிஸ்ட்டு! சூப்பர்வைசரே காந்தம் வெச்சிப் பாத்தாருடி."

"நேரா இருக்கற எடத்துல பாத்தாரு. வளைவுல வெக்கச் சொல்லுக்கா."

சிரிப்பு நின்றது. "அதான் மேலேருந்து என் தோள்ல கறுப்பா செதிலு கொட்டுதா? நான் ஒலை அழுக்குன்னு தட்டி வுட்டுக்கினு இருந்தேன்."

காந்தத்தைக் கொடுத்தேன். "என் பேரச் சொல்லாதக்கா." கெஞ்சினேன். சத்தியம் செய்தாள்.

சாயங்காலம் அவள் வேனிலிருந்து இறங்கும்வரை ரோட்டிலேயே நின்றேன். இறங்கினாள். முழுசாக. சூப்பர்வைசர் புதுக் கொக்கியின் வளைவில் வைத்துச் சோதித்தாராம், ஒட்டியதாம். மாட்டியிருந்த கொக்கியின் வாய் ஏற்கெனவே இரண்டு விரல் அகலத்துக்கு விரிந்திருந்ததாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்.

ஏழு மணிக்கு அப்பா. கம்பெனி திருப்பி அனுப்பிய கொக்கிச் சாக்கு மூட்டையோடு.

"எவடி சொன்னது?" அம்மாவின் முடியைப் பிடித்தார்.

அம்மா என் பக்கம் பார்க்கவேயில்லை. "எனக்குத் தெரியாதுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது நான் என்று அவளுக்குத் தெரியும். முகத்திலேயே தெரிந்தது.

"நான்தான்" என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

அறைந்தார். இடது காதில் ஊய் என்று சத்தம், இன்னும் போகவில்லை. அழவில்லை. அழுதால் அவருக்குச் சந்தோஷம்.

இப்போது வெளியே போனில் பேசுகிறார். சிரிப்பு வேறு.

"ஆமா மச்சான், அதே கொக்கிதான். மடுகரைல ஒன் ஆளு கேட்டான்ல? நாளைக்கே அனுப்பறேன். காந்தம் வெச்சிப் பாக்கச் சொல்லு, ஒட்டாது."

மடுகரையில் எந்தக் கம்பெனி? அங்கே கூடைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?