வெட்டவெளியில் ஓடிய அப்பா

புனே, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு, ரெபேக்கா வணக்கத்தோடு எழுதுவது. இங்கிருந்து மாரிகுப்பம் திரும்பிய பிறகு மூட்டுவலி குறைந்ததா? நாங்கள் சுகம்.

விமானக் காட்சியில் போர் விமானம் தலைக்கு மேலே பாய்ந்து தரை அதிர்ந்ததும், நீங்கள் வேலைசெய்த தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்ததாக நினைத்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் வெளிய வாங்க!" என்று ஓடினீர்களே. வெட்டவெளியில் நின்ற கூட்டம் சிரித்தது. என்னோடு வேலைசெய்யும் தமிழ்க்கார அக்கா, "யாரு அவரு?" என்றாள். "எங்க ஊர்க்காரரு" என்றேன். உங்கள் காதில் விழுந்தது, அப்பா.

பாப்பாவோ, "தாத்தா என்னைக் காப்பாத்துனாரு" என்று பள்ளியெல்லாம் சொல்கிறாள்.

நீங்கள் விட்டுப்போன மூக்குக்கண்ணாடி கூரியரில் வரும். அதுவரை இந்தக் கடிதத்தை அம்மாதான் வாசித்துக்காட்ட வேண்டும். நான் அன்று சொன்னதை நீங்கள் அவரிடம் மறைத்திருப்பீர்கள்; அவருக்கும் தெரியட்டும்.

சர்ச்சுக்குப் போக ஆட்டோ வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ரெபேக்கா