பால் டின்னில் தெளித்த தீர்த்தம்

1962 மே 8, செவ்வாய்

கத்திரி வெயில். காலையிலேயே தரை சுடுகிறது. டைபாய்டில் எனக்குப் பால் வற்றிப் போனதிலிருந்து குழந்தைக்குப் பசும்பால். ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றால் போகிறது. பவுடர் பால்தான் வழி என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கிடைத்தால்தானே! எங்கும் தட்டுப்பாடு. இவர் ஆபீஸ் விட்டுக் கடை கடையாக அலைந்து இன்று ஒரு டின் கொண்டுவந்தார். அதுவும் துணிப்பைக்குள் ஒளித்து. சொந்த வீட்டுக்குள் திருடன் மாதிரி.

மாமியார் கண்ணுக்கு எது தப்பும்?

"என்னடா அது? எந்த ஊர்லே எவன் கைபட்டு அடைச்சானோ! பெருமாளுக்குத் தளிகை பண்ற இடத்துக்கு அது வரப்படாது."

"குழந்தைக்கும்மா..."

"நீயெல்லாம் டின் பாலா குடிச்சு வளர்ந்தே?"

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மாமனார் தினமும் குடிக்கும் மால்ட் பவுடர் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? கேட்டே விட்டேன். "அது மருந்துடி" என்றாள். மருந்தாம்! அப்பளம் போட்டுவைக்க வெள்ளைக்காரன் பிஸ்கட் டின் ஆகும். பிஸ்கட் ஆகாது. என்ன மடியோ, என்ன ஆசாரமோ.

மே 9

புழுக்கம். பக்கத்து வீட்டு மாமி நெல்லிக்காய் கொடுத்தாள். உப்பில் போட வேண்டும்.

பாலைக் காய்ச்சிப் பொடியாக்கி டின்னில் அடைக்கலாம் என்று முதலில் எவனுக்குத் தோன்றியதோ, அவன் இருக்கும் திசையைச் சேவிக்கிறேன். யுத்தத்தின்போது பட்டாளத்துக்கு டின் டின்னாகப் போனதாம், இவர் சொன்னார். பட்டாளத்துக்கு ஆகும். என் பிள்ளைக்கு ஆகாது.

மத்தியானம் மாமியார் இறங்கி வந்தாள். "சரி, குழந்தைக்குத்தானே. நான் சுத்தி பண்ணித் தரேன்." அப்பாடா என்று குளிக்கப் போனேன். முட்டாள் நான்!

காய்கறி, வெல்லம், எது வெளியிலிருந்து வந்தாலும் தீர்த்தம் தெளித்துத்தான் உள்ளே எடுப்பாள். டின்னையும் விடவில்லை. மூடியைத் திறந்து பவுடர் மேலேயே தெளித்திருக்கிறாள். கொஞ்சமாகவா? பேரனுக்கு என்று தாராளமாக, கை கையாக. ஈரம் படக்கூடாது என்று டின்மேல் இங்கிலீஷில் போட்டிருக்கிறது. அவளுக்கு அதெல்லாம் எங்கே?

பவுடர் கட்டி கட்டியாக. கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

"தெரியாம பண்ணிட்டா, விடேன்" என்கிறார் இவர். எதை விட? குழந்தையையா?

மே 10

டின்னைத் திறந்தால் புளித்த நாற்றம். கொல்லையில் கொட்டினேன்.

ஸ்ரீரங்கத்தில் எந்தக் கடையிலும் இல்லை. குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர். விலா எலும்பு தெரிகிறது. தூக்கினால் துணி மூட்டையின் கனம்கூட இல்லை. இவர் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெல்லிக்காய் அப்படியே கிடக்கிறது.

மே 11, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினேன். பெரிய கடை வீதியில் நாலு கடையில் கையை விரித்தார்கள். ஐந்தாவது ஒரு பாய் கடை.

"ஸ்டாக் இல்லீங்கம்மா. மெட்ராஸ்லேர்ந்து எப்ப வரும்னே தெரியல."

சொல்லிவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். "இருங்க" என்று கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய், திறந்த டின் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"எம் பேத்திக்கு வாங்கினது. அவளுக்குத் தாய்ப்பால் இருக்கு, சமாளிச்சுக்கலாம். ஆனா எங்க வீட்ல புழங்கின டின்னும்மா. உங்க வீட்ல ஏத்துப்பாங்களா?"

"கொடுங்கோ" என்றேன். கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வந்ததும் நேரே அடுக்களைக்குள் போய் வெந்நீர் வைத்தேன். மாமியார் தீர்த்தச் சொம்போடு வந்தாள்.

"இது பாய் ஆத்து டின். அவர் பேத்தி குடிச்ச மிச்சம். இதுலே ஒரு சொட்டு விழுந்தா, குழந்தையைத் தூக்கிண்டு இப்பவே எங்காத்துக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

"பெருமாளே! இனிமே இந்த அடுக்களையிலே நான் எப்படித் தளிகை பண்றது?"

"கொல்லையிலே அடுப்பு போட்டுக்கோங்கோ."

சொம்பும் கையுமாக நின்றாள். தெளிக்கவில்லை. நான் கலந்தேன். பாலாடையில் ஊற்றி வாயில் வைத்தேன். குடித்தான். சொட்டு விடாமல் குடித்தான்.

இதோ, இன்னும் வேண்டுமாம். வீறிட்டு அழுகிறான். எழுந்திருக்கிறேன்.